கையில் ஒட்டிய சர்க்கரை மீட்டர்: குன்னூர் பேக்கரிக்காரனின் 14 நாள் கணக்கு

எனக்கு 56 வயது. குன்னூரில் விறகு அடுப்பு வைத்து வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட் போடுகிறேன். சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது, இரவு இன்சுலின் ஊசி தொடங்கி மூன்று வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை, எனக்கு 6.8 வரும். லேப்பில் ரிப்போர்ட் தரும் பையன்கூட "அண்ணா, சூப்பர்" என்பான். ஆனால் விடிகாலையில் மாவு பிசையும்போது கை நடுங்கும். ஜனவரிக் குளிரிலும் பனியன் நனையும். வேலைக் களைப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

கோவையில் நர்சிங் படிக்கும் என் மகள்தான் கையில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் இந்த சென்சாரை வாங்கச் சொன்னாள். "ஒரு தடவை போட்டுப் பாருப்பா, உனக்கு ராத்திரி என்ன நடக்குதுன்னு யாருக்குமே தெரியாது" என்றாள். எனக்கு 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. எங்கள் தொழிலில் அது சின்னப் பணமில்லை.

பொருள் இதுதான். பழைய இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் மயிரிழை போன்ற ஒரு நூல் தோலுக்குள் போய் நிற்கும். எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேலையைத் தொடங்கும். கால் மணிக்கு ஒரு அளவைப் பதிந்து வைத்துக்கொள்ளும். போனை அருகில் கொண்டுபோனால் போதும், ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம், எண் வந்துவிடும். பக்கத்தில் ஒரு அம்புக்குறி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். நாளைக்கு 96 அளவுகள், 14 நாளில் 1,344. அதுவரை நான் மாதம் ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தவன்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்று என்னைப் பயமுறுத்திவிட்டது. மூன்றாம் இரவு ஒன்றே கால் மணிக்குச் சர்க்கரை 48 என்று காட்டியது, 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டோம். விரலில் குத்திப் பார்த்தால் 112. மகளுக்குப் போன் போட்டேன். "எந்தப் பக்கம் படுத்திருந்தப்பா?" என்று கேட்டாள். இடது பக்கம், சென்சார் இருக்கும் கை மேலேயே. உடம்பின் பாரம் அழுத்தினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து எண் பொய்யாக இறங்குமாம். இந்தக் கருவி ரத்தத்தை நேராக அளப்பதில்லை, தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரைத்தான் அளக்கிறது. அதனால் ரத்தத்தில் நடப்பது இதில் தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிந்தும். உடம்புக்குத் தோன்றுவதும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விரலில் குத்திப் பாருங்கள். குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று மலைக்காரர்களுக்கு. நான் வாங்கியது 10 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரைதான் வேலை செய்யும். ஜனவரி விடிகாலையில் வீட்டிலிருந்து பேக்கரிக்கு நடந்து போய்ப் பார்த்தால், சென்சார் மிகவும் குளிர்ந்திருக்கிறது என்று சொல்லி எண்ணைக் காட்டவே இல்லை. அடுப்பு எரியும் அறையில் பத்து நிமிடம் நின்றபிறகுதான் வந்தது. ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை போர்த்திப் போனேன், சரியாகிவிட்டது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனைக் காட்டாமல் விட்டால் பழைய அளவு அழிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் பகல் கணக்கு போனது. நான் போட்டபோது ஆப்பில் தமிழ் இல்லை. உதவி எண்ணில் ஆங்கிலமும் இந்தியும்தான். என் முதல் சென்சார் அடுப்புச் சூட்டில் வியர்த்து ஒன்பதாம் நாளே கழன்று விழுந்தது. மாற்று சென்சார் வர 12 நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் மகள்தான் எனக்காகப் பேசினாள். இது நியாயமில்லை. படித்த பிள்ளை இல்லாத வீடு என்ன செய்யும்?

இத்தனைக்கும் பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், நான்காம் நாள் விடிகாலை மூன்றே முக்கால் மணிக்கு நடந்ததால்.

பத்து கிலோ மைதா பிசைந்துகொண்டிருந்தேன். வயிற்றில் ஒரு டம்ளர் சர்க்கரை போடாத டீ மட்டும். அதே நடுக்கம் வந்தது. என் கையெல்லாம் மாவு, அதனால் கடைப் பையனைப் போனை எடுத்துச் சென்சாரில் காட்டச் சொன்னேன். 57, அம்பு கீழ்நோக்கி. விரலில் குத்தினோம், 61. இந்த முறை யாரும் கையை அழுத்தவில்லை, அது நிஜம். மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். 84. மூன்று வருடமாக நான் களைப்பு என்று நினைத்தது இதைத்தான்.

இரண்டாவது சென்சார் முழு 14 நாளும் நின்றது. அதன் ரிப்போர்ட் ஒரே பக்கம். பதினான்கு நாளின் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரே நாளாகக் காட்டும். நடுவில் ஒரு தடித்த கோடு, அதைச் சுற்றி நிழல். நிழல் ஒடுங்கியிருந்தால் அந்த நேரத்தில் உடம்பு தினமும் ஒரே மாதிரி நடக்கிறது, அகன்றிருந்தால் நாளுக்கொரு விதம். எனக்கு விடிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை கோடு பள்ளத்தில், நிழலும் ஒடுங்கி. அதாவது தினமும் அதே கதை. ஆறு மணிக்கு மேல் மலை மாதிரி ஏற்றம். அது நான் ருசி பார்க்கும் சூடு வர்க்கியும் அதோடு குடிக்கும் டீயும். நான்கு வர்க்கி தின்றால் 240 தொட்டுவிடும். மத்தியானம் சோறு தின்ற நாளையும் ராகிக் களி தின்ற நாளையும் ஒப்பிட்டேன். நாங்கள் படுகர், அதை ஹிட்டு என்போம். களியும் ஏற்றத்தான் செய்கிறது, ஆனால் அவரைக் குழம்பு நிறைய ஊற்றித் தின்ற நாளில் ஏற்றம் மெதுவாக இருந்தது. இது என் உடம்புக் கணக்கு, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

70க்கும் 180க்கும் நடுவே நாளில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2019இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. எனக்கு நடுவில் 61, மேலே 28, கீழே 11. பதினொரு சதவீதம் என்றால் நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மேலே போனதும் கீழே போனதும் சேர்ந்து சராசரி அழகாக 6.8 ஆகிவிட்டது.

குன்னூரில் நான் காட்டும் டாக்டரம்மா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி. இரண்டரை மணிக்கு எழுந்து வெறும் வயிற்றில் மாவு பிசைகிறேன் என்று நானும் அதுவரை சொன்னதில்லை. இரவு ஊசியை 22 யூனிட்டிலிருந்து 16 ஆக்கினார். பிசைவதற்கு முன்னால் ஒரு கை வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும், வர்க்கி ஒன்றோடு நிறுத்தம். நீங்களாக யூனிட்டைக் குறைக்காதீர்கள், தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு சென்சார் போட்டேன். நடுவில் 72, கீழே 3. ஹெச்பிஏ1சி 7.0. எண் ஏறியிருக்கிறதே என்று நான் முகம் வாடினேன். டாக்டரம்மாவோ இதுதான் நல்ல 7 என்றார்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் வெளியானது. அது நாடு முழுக்க 1,13,043 பேரைச் சோதித்து, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போகும் பால்காரர், தோட்டத் தொழிலாளி, பேக்கரிக்காரன் எத்தனை பேர் என்று யோசிக்கிறேன். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, கொண்டுவரும் பெண் போனில் பதிந்துகொண்டு போகிறார். பாட்டியிடம், விடிகாலை வியர்வை வந்தால் அதையும் நேரத்தோடு சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதாமாதம் வாங்க என்னால் முடியாது, தேவையும் இல்லை. ஊசி போடுகிறவர்கள், அதிலும் விடிகாலை வேலைக்காரர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை போட்டால் காசுக்குப் பலன் உண்டு. மாவு தூக்காத கையில் ஒட்டுங்கள், மேலே துணி டேப் ஒன்று சுற்றுங்கள். எனக்கு அடுத்தது டிசம்பரில். உறைபனி விழும் ராத்திரிகளில் அந்த மூன்று மணிப் பள்ளம் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.