பிள்ளைகள் ஓட்டும் கோ-கார்ட்டுக்கு எந்த எஞ்சின்: எக்ஸ்எல்லா, பம்ப்செட்டா, பேட்டரியா?

பிள்ளைகள் தாழ உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கரச் சின்ன வண்டிதான் கோ-கார்ட். அதில் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், பெரிய காரியமில்லை. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எந்தக் கரையோர ஊரிலும் நல்ல வெல்டர் இருக்கிறார். பைப்பையும் அளவையும் கொடுத்தால் உருட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுவார். எஞ்சின் என்று வரும்போதுதான் ஆளுக்கொரு யோசனை. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பரைப் பிரித்து அந்த டூ-ஸ்ட்ரோக்கை மாட்டு என்பார் ஒருவர். பம்ப்செட்டிலும் களையெடுக்கும் பவர் வீடரிலும் வரும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 வகை எஞ்சினை அடித்துச் சொல்வார் இன்னொருவர். பெட்ரோலே வேண்டாம், பேட்டரி மோட்டார் போதும் என்று மூன்றாவது ஆள் வருவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஜிஎக்ஸ்160 வகை, அதுவும் எஞ்சின் வேகம் வரம்பைத் தாண்டாமல் பிடிக்கும் கவர்னரைக் கழற்றாமல். அதற்குச் சின்னப் பிள்ளைக்குப் பேட்டரி. இந்த முடிவுக்குக் காரணம் எந்த எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதல்ல. எதை நம் கையால் கட்டுப்படுத்த முடியும், எது நம் கடற்கரையின் மணலையும் உப்பையும் தாங்கும் என்பதுதான்.

எக்ஸ்எல் சூப்பரில் தொடங்குவோம், ஏனென்றால் ஆசை முதலில் அங்கேதான் போகும். 46 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 42 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 69.9 சிசி, 5,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மூன்றரை எச்பி. சின்ன கார்ட்டுக்கு அது தாராளம். 1956-ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் கட்டிய முதல் கோ-கார்ட்டே புல்வெட்டும் இயந்திரத்தின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடியதுதான். அதனால் இந்த யோசனையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. எக்ஸ்எல்லில் பெரிய லாபம் ஒன்று உண்டு: எஞ்சின் வேகம் ஏறியதும் தானே பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்க வேண்டாம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்து போரிங் போட்டு 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பிரஸ்ஸில் பிரித்து, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடு கிட் புதிது, இரண்டு பேரிங், இரண்டு ஆயில் சீல். வேலை அவ்வளவுதான். பரமக்குடியிலோ ராமநாதபுரத்திலோ இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த எஞ்சின் வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றில் குளிர்வதற்காக வார்க்கப்பட்டது. அதற்கு ஃபேன் கிடையாது. கார்ட்டில் சீட்டுக்குப் பின்னால், பிள்ளையின் முதுகு மறைப்பில் மாட்டினால் அதற்குக் காற்றே போகாது. பிள்ளைகள் ஓட்டும் விதமும் அப்படித்தான்: முழு ஆக்ஸிலேட்டர், வளைவில் நிறுத்தம், மறுபடி முழு ஆக்ஸிலேட்டர். சித்திரை வெயிலில் இப்படி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள வெகுநேரம் ஆகாது. போரிங் போட்ட காசு அத்தோடு போயிற்று.

அடுத்தது மணல். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஃபில்டரைத் தாண்டி வரும் தூசி ரிங்கையும் போரையும் தேய்க்கும்; அதுவே கெடுதல்தான். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் காற்று முதலில் கிராங்க் கேஸுக்குள் நுழைகிறது. அங்கேதான் ராடு பேரிங்கும் கிராங்க் பேரிங்கும் இருக்கின்றன. அவற்றுக்கு உயவே பெட்ரோலில் கலந்த கொஞ்சம் ஆயில்தான். நம் கரையோர மணல் மாவு போல நைசானது. ஃபில்டர் ரப்பரில் மயிரிழை விரிசல் இருந்தாலே போதும், புது பேரிங் கரகரக்கத் தொடங்கிவிடும்.

எக்ஸ்எல்லுக்கு நான் கை தூக்காததற்குக் கடைசிக் காரணம், இதில் கவர்னர் இல்லை. ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் எஞ்சின் எவ்வளவு வேகம் போக முடியுமோ அவ்வளவும் போகும்.

ஜிஎக்ஸ்160-ஐ ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டுவதற்காகவே செய்தார்கள். எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலேயே ஃபேன் இறக்கை, அதன் மேல் தகரக் கூடு, அந்தக் காற்று நேராக ஹெட்டின் மேல் போகும். கார்ட் நின்றாலும் எஞ்சின் குளிர்ந்துகொண்டே இருக்கும். 68 மி.மீ. போர், 45 மி.மீ. ஸ்ட்ரோக், 163 சிசி, 3,600 ஆர்பிஎம்மில் 4.8 எச்பி, எடை ஏறக்குறைய 15 கிலோ. சந்தையில் 168எஃப், 168எஃப்-2, 170எஃப் என்ற பெயர்களில் சீனப் பிரதிகளும் நிறைய. 168எஃப்-2 என்பது அதே 68 போரில் 54 ஸ்ட்ரோக், 196 சிசி. பிள்ளைக்கு அது தேவையில்லை, சின்னதே போதும்.

பழைய பம்ப்செட்டில் இருந்து எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சாஃப்ட். பம்புக்கு வந்த எஞ்சினில் சாஃப்ட் முனையில் மரை இருக்கும், ஜெனரேட்டருக்கு வந்ததில் கூம்பாக இருக்கும். கிளட்ச் மாட்டத் தேவை சாவிக்காடி வெட்டிய நேர் சாஃப்ட். அதிலும் 19.05 மி.மீ., 20 மி.மீ. என இரண்டு அளவு உண்டு. வெர்னியர் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். இந்த எஞ்சின் சாஃப்ட் பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அதனால் நேராகச் செயின் போடும் கார்ட்டில் சாஃப்ட் முனை ஓட்டுபவரின் இடதுபக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் கார்ட் பின்னால் ஓடும்.

ரீபில்டில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை, கவனமான வேலை உண்டு. கனெக்டிங் ராடு அலுமினியம். அதன் அடியில் துடுப்பு போல ஒரு சின்ன நீட்டல் இருக்கும். அதுதான் ஆயிலை அடித்து மேலே தெறிக்க வைக்கிறது. இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. அந்த நீட்டல் உடைந்திருந்தாலோ, ராடு மூடியைத் திருப்பி மாட்டினாலோ எஞ்சின் கெட்டது. பிஸ்டன் தலையில் உள்ள முக்கோணக் குறி புஷ்ராடு பக்கம் இருக்க வேண்டும். ரிங் வாய்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கக் கூடாது. கிராங்க் பல்லில் ஒரு புள்ளி, வால்வைத் திறக்கும் கேம் தண்டின் பல்லில் ஒரு புள்ளி, இரண்டும் முகம் பார்க்க வேண்டும். ராடு போல்ட்டுக்கு 12 நியூட்டன் மீட்டர், ஹெட்டுக்கு 24, ஃப்ளைவீல் நட்டுக்கு 75. ராடு போல்ட்டைக் கை உணர்வில் முறுக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் அதிகம்; இந்த ஒரு இடத்தில் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கியாவது வைத்து முறுக்குங்கள். டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும்போது, உள்வால்வு 0.15 மி.மீ., வெளிவால்வு 0.20. ஆயில் 10டபிள்யூ-30, அரை லிட்டருக்குச் சற்று மேல், 0.6 லிட்டருக்குள்.

இனி கவர்னர். கார்ட் என்று கேட்டதுமே மெக்கானிக் தம்பி ஆர்வமாகச் சொல்வான்: “அண்ணே, உள்ள ஒரு பிளாஸ்டிக் பல்லுதான், கழட்டிவிட்டா சும்மா பறக்கும்.” பறக்கும், உண்மைதான். என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ராடு மேல் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 3,600-ல் இருந்து 5,000 போனால் வேகம் 1.39 மடங்கு, இழுவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த அலுமினிய ராடும் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலும் 3,600-க்காகச் செய்தவை. ராடு உடைந்தால் கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஃப்ளைவீல் சிதறினால் தகரக் கூடு தடுக்காது. அது சுற்றும் இடத்துக்கும் பிள்ளையின் முதுகுக்கும் இடையே ஒரு முழம்கூட இருக்காது. போட்டிக்காரர்கள் கவர்னரைக் கழற்றும்போது உருக்கு ராடும் தனி ஃப்ளைவீலும் போட்டுத்தான் கழற்றுகிறார்கள். பிள்ளை விளையாடும் வண்டிக்கு அந்தச் செலவு எதற்கு?

கவர்னரை வைத்துக்கொண்டால் இன்னொரு வசதி கையில் வருகிறது. ஆக்ஸிலேட்டர் லீவர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு ஸ்டாப் ஸ்குரூ இருக்கும். கிளட்ச் செயின் சக்கரத்தில் 10 பல், பின் அச்சில் (ஆக்ஸில்) உள்ளதில் 72 பல், 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் என்று வைத்தால் 3,600 ஆர்பிஎம்மில் கார்ட் மணிக்கு 26 கிலோமீட்டர் போகும். அந்த ஸ்குரூவை 2,600-ல் நிறுத்தினால் 19. முதல் மாதம் 19-ல் ஓட்டட்டும். பிரேக்கும் வளைவும் கைவந்த பிறகு நீங்களே ஸ்குரூவைத் தளர்த்துங்கள். எக்ஸ்எல்லில் இப்படி எஞ்சினே தன் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. மாடிஃபிகேஷன் என்று சொன்னால் இந்தக் கார்ட்டுக்கு நான் செய்வது இவ்வளவுதான்: ஏர் ஃபில்டரை ஒரு குழாய் வைத்து டயர் வாரி இறைக்கும் மண்ணுக்கு மேலே தூக்குவது, ஸ்பாஞ்சில் ஆயில் நனைத்துப் போடுவது, சைலன்சருக்குக் கம்பிக் கூடு, செயினுக்கு முழு மூடி, ஸ்டியரிங்கில் எஞ்சினை உடனே நிறுத்தும் ஒரு கில் சுவிட்ச், அதேபோல் பின்னால் நிற்கும் பெரியவர் கைக்கு எட்டும்படி இன்னொன்று.

இடையில் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஹோண்டா ஜிகே200 பம்ப் எஞ்சின் பற்றியும் கேட்பார்கள். 197 சிசி, சைடு வால்வு, மெதுவான, உழைப்பாளி எஞ்சின். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்த ஏற்பாடு பிள்ளைக்குச் சரிவராது. அது பம்பிலேயே இருக்கட்டும். வள்ளத்து டீசல் எஞ்சினைக் கேட்பவர்களுக்கு எடை ஒன்றே பதில்.

பேட்டரி மோட்டாருக்கு வருவோம். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சூடான சைலன்சர் இல்லை, பெட்ரோல் டேங்க் இல்லை, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பக்கத்து வீட்டுக்குச் சத்தமும் இல்லை. 48 வோல்ட், 1,000 வாட் மோட்டார் என்றால் கன்ட்ரோலரிலேயே வேகத்தைப் பூட்டலாம். பிரேக் மிதித்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அறுபடும்படி சுவிட்ச் வைக்கலாம். ஆனால் நின்ற நிலையிலேயே முழு இழுவையும் வரும் என்பதால், மெதுவாகக் கிளம்பும் அமைப்புள்ள கன்ட்ரோலராகப் பார்த்து வாங்க வேண்டும். இ-ரிக்ஷாவின் லெட்-ஆசிட் பேட்டரி நான்கைப் போட்டால் கார்ட்டின் எடை எங்கேயோ போய்விடும், பிரேக்கும் அதற்குத் தக்கபடி வேண்டும். லித்தியம் போட்டால் எடை குறையும், பர்ஸும் குறையும். உப்புக்காற்று இங்கே கடிப்பது கனெக்டர்களை. பித்தளை முனை பச்சை பிடித்துச் சூடேறும். எல்லா இணைப்பிலும் கிரீஸ் தடவி, ஈரம் புகாத கனெக்டராகப் போடுவது இந்தக் கரையில் கட்டாயம்.

உப்பு பெட்ரோல் எஞ்சினையும் விடாது. ஓட்டி முடித்தபின் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்; எந்தத் தண்ணீரில் என்பதுதான் விஷயம். கரையோரத்தில் பல வீட்டுப் போர் தண்ணீரே கரிக்கிறது. அதில் கழுவினால் ஹெட் இறக்கைகளுக்கு நடுவே வெள்ளை பூத்துவிடும். காவிரிக் குடிநீரில் ஒரு துணியை நனைத்துத் துடைத்தாலே போதும், குடம் குடமாக ஊற்ற வேண்டாம். மழைக்காலம் முடிந்து எடுக்கும்போது ஃப்ளைவீல் காந்தத்திலும், பிளக்குக்குப் பொறி தரும் காயிலின் காலிலும் துரு ஏறி, இடையிலுள்ள 0.4 மி.மீ. இடைவெளியே அடைந்து போயிருக்கும். பிளக்கில் பொறி வரவில்லை என்று புதுக் காயில் வாங்கும் முன் அங்கே எமரி போட்டுத் தேய்த்துப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்க் குழாயை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எக்ஸ்எல்லில் ஆயில் கலந்த பெட்ரோலையே டேங்க்கில் விட்டுவைத்தால் சிக்கல் இன்னும் கூடுதல்.

ஓட்டும் இடத்தையும் எஞ்சினோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். கடற்கரை மணலில் வேண்டாம். மன்னார் வளைகுடாக் கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன, தவிர அந்த மணல்தான் நம் எஞ்சினுக்கு எதிரி. தார்ச்சாலையும் கூடாது, பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளை சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வற்றிய கண்மாயில் ஊரைக் கேட்டுக்கொண்டு ஓட்டலாம், தரை கெட்டியாக இருக்கும். சீமைக்கருவேல முள்ளுக்காக டியூபில் பஞ்சர் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே எக்ஸ்எல் கிடக்கிறது, வேறு எஞ்சின் வாங்க வழியில்லை என்பவர்கள் அதையே போடலாம், சில திருத்தங்களோடு. எஞ்சினைச் சீட்டுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில், பிளாக் காற்றில் படும்படி தள்ளி வையுங்கள். முன்னால் இருந்து காற்றை வாங்கித் தர ஒரு தகரக் குழல் அடித்து மாட்டுங்கள். பெடலுக்கு அடியில் போல்ட் வைத்து, ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் திறக்காதபடி நிறுத்துங்கள். கேபிளுக்கு இரண்டாவது ஸ்பிரிங் கட்டாயம். பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஆறட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே யாரையும் அதில் ஏற்றாதீர்கள்.