சீரிஸ் 3 லேண்ட் ரோவருக்கு எந்த எஞ்சின்? 200 டிடிஐ, 300 டிடிஐ, வி8: ஓர் ஒப்பீடு

1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3-இல் கம்பெனியே வைத்த 2286 சிசி பெட்ரோல் எஞ்சின் லேசில் சாகாது. ஆனால் எழுபது சொச்சம் குதிரைத்திறனோடு இன்றைய நெடுஞ்சாலையில் திணறும். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. மாற்று எஞ்சின் தேடுகிறவர்கள் பிரிட்டனில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள்: லேண்ட் ரோவரின் டிஸ்கவரியிலிருந்து கழற்றிய 200 டிடிஐ என்ற டர்போ டீசல், அதற்கு அடுத்து வந்த 300 டிடிஐ, ரோவரின் 3.5 லிட்டர் வி8. இங்கே பேசுவது முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள குட்டை வண்டியைப் பற்றி.

எஞ்சினின் விலையைக் கேட்பதற்கு முன், அதற்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். சீரிஸ் கியர்பாக்ஸ் சுமார் 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்காகச் செய்தது. டிஸ்கவரி 200 டிடிஐ நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே 264 தருகிறது. பழைய ரேஞ்ச் ரோவர் வி8 ஏறக்குறைய 250. லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) முதல் கியரைப் போட்டு, சக்கரம் பாறையில் மாட்டியிருக்கும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பின் ஆக்சிலில் சக்கரத்தைச் சுழற்றும் 10 பல் ஹாஃப் ஷாஃப்ட்தான் முதலில் முறியும். அடுத்த பலி கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத்தண்டான லேஷாஃப்ட். எந்த எஞ்சினை வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இந்த வண்டிக்கு என் தேர்வு 200 டிடிஐ. காரணம் சக்தி அல்ல, வம்சம். 2.25 லிட்டர் எஞ்சினின் அதே 90.47 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்); ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் நகரும் நீளம்) மட்டும் 97-க்கு நீட்டி 2495 சிசி ஆக்கியிருக்கிறார்கள். அதனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் சீரிஸின் பெல் ஹவுசிங் இதோடு சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் ஸ்டட் மட்டும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். அடாப்டர் தட்டு வேண்டாம், கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். கிளட்ச் தட்டின் நடுப்பல் கியர்பாக்ஸ் ஷாஃப்டில் தடையின்றி நகர்கிறதா, கிராங்க் முனையில் அந்த ஷாஃப்டைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ்ஷின் உள்விட்டம் ஷாஃப்டின் மூக்குக்குச் சரியா என்பதை எஞ்சின் தரையில் இருக்கும்போதே பாருங்கள். புஷ் இறுக்கமாக இருந்தால், கிளட்சை மிதித்தாலும் கியர் கரகரக்கும். அதற்காக எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டிவரும்.

சிக்கல் டர்போவில் வரும். டிஸ்கவரி எஞ்சினில் அது இடப்பக்கம் தாழ்வாக உட்காருவதால், சேசிஸில் உள்ள எஞ்சின் தாங்கியோடும் அதன் அருகேயும் இடிக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் 200 டிடிஐயில் டர்போ உயரத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த எஞ்சின் கிடைப்பது அரிது, விலையும் கூட. டிஸ்கவரி எஞ்சின்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று வழிகள்: தாங்கியை வெட்டி மாற்றிப் பற்றவைப்பது, டிஃபெண்டர் மேனிஃபோல்டை, அதாவது புகைக்குழாய்த் தொகுதியைத் தேடிப் போடுவது, இல்லையென்றால் டர்போவையே எடுத்துவிட்டு 2.5 லிட்டர் சாதா டீசலின் மேனிஃபோல்டைப் போடுவது. மூன்றாவது வழியில் டர்போவுக்குப் போகும் ஆயில் வழியையும் திரும்பும் வழியையும் அடைக்க வேண்டும். பம்பில் டீசல் அளவையும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் கரும்புகையும் அதிகச் சூடும்தான் மிஞ்சும். மென்மையாக ஓட்டுகிறவருக்கு இந்த வழி மோசமில்லை. கியர்பாக்ஸும் நிம்மதியாக இருக்கும்.

ரேடியேட்டரில் அவசரப்பட வேண்டாம். டிஸ்கவரியின் ரேடியேட்டரும் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் ஆயில் கூலரும் சேர்ந்த தொகுப்பு சீரிஸின் முன் பேனலுக்குள் அப்படியே போகாது. பேனலை வெட்டவோ முன்னால் தள்ளவோ வேண்டும். ஆயில் கூலருக்கு இடமில்லையென்றால் பில்டர் தலையின் இரண்டு வாய்களையும் தனித்தனியாக அடைக்காமல் ஒரு குழாயால் ஒன்றோடொன்று இணையுங்கள். பெட்ரோல் டாங்கைக் கழுவி, திரும்பும் டீசலுக்குத் தனிக் குழாய் போடுங்கள். மின்சார வேலை கொஞ்சம்தான்: டீசலை நிறுத்த பம்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டுக்குச் சாவியிலிருந்து ஒரு வயர், குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் குளோ பிளக்குக்கு ரிலே வழியாகத் தடித்த வயர், அவ்வளவே.

300 டிடிஐ இதைவிட அமைதியாக ஓடும், உதிரிபாகமும் தாராளம். ஆனாலும் சீரிஸில் அது விருந்தாளிதான். பெல் ஹவுசிங் துளைகள் எல்லாம் ஒத்துவராது. பிளைவீல் ஹவுசிங்கில் புதிதாகத் துளையிட்டு ஸ்டட் போட வேண்டும், இல்லாவிட்டால் அடாப்டர். தாங்கிகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். வாங்கும்போது தண்ணீர் பம்புக்குப் பின்னால் உள்ள பி கேஸ்கெட் கசிகிறதா, தெர்மோஸ்டாட் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடி வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பித்தளை மூடி மலிவு. ஒருமுறை தண்ணீர் தீர்ந்து கொதித்த எஞ்சினின் ஹெட்டை நம்பக் கூடாது. முதலில் வந்தவற்றில் டைமிங் பெல்ட் நேர்கோட்டிலிருந்து விலகித் தேய்ந்துபோகும். திருத்தப்பட்ட கிட் போட்டதா என்று கேளுங்கள். பிந்தைய ஆட்டோமேட்டிக் டிஸ்கவரியிலிருந்து எடுத்ததில் பம்ப் மின்னணுக் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடும், அப்படியானால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஓடும் நிலையில் முழு வண்டியே மலிவாகக் கிடைத்தால் மட்டுமே 300-ஐ யோசிக்கலாம்.

வி8-இன் ஆசை வேறு மாதிரி. பியூக்கிடமிருந்து 1965-இல் ரோவர் உரிமை வாங்கிய அலுமினிய எஞ்சின் அது. எட்டு சிலிண்டர் இருந்தும் பழைய இரும்பு எஞ்சினைவிடக் கனம் குறைவு. அது ஓடும் மென்மைக்கு டீசல் எதுவும் ஈடில்லை. ஆனால் கம்பெனியே என்ன செய்தது என்று பாருங்கள். 1979-இல் ஸ்டேஜ் 1 வி8 வந்தபோது அதை 109 அங்குல வண்டியில்தான் வைத்தார்கள். சக்தியை 91 குதிரைத்திறனுக்குக் குறைத்தார்கள். ரேஞ்ச் ரோவரின் எல்டி95 கியர்பாக்ஸைக் கொடுத்தார்கள். ரேடியேட்டர் பேனலை விளக்குகளோடு சமமாக முன்னால் தள்ளினார்கள். 88-இல் அடாப்டர் தட்டு வைத்துச் சீரிஸ் கியர்பாக்ஸோடு இணைப்பது இவை அனைத்தையும் தவிர்க்கப் பார்ப்பது. தாழ்ந்து நிற்கும் ஆயில் பில்டரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சேசிஸிலும் ஸ்டியரிங்கிலும் இடிக்காமல் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயில் மாற்றத் தவறிய எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். பெட்ரோல் லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர். நல்ல 200 டிடிஐ 9, 10 கொடுக்கும்.

பிரிட்டனில் இன்னொரு கணக்கும் உண்டு. 40 வயது கடந்த வண்டிக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு. சிலிண்டர் எண்ணிக்கை மாறியிருந்தால் அது பெரிய மாற்றமாகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். நான்கு சிலிண்டருக்குப் பதில் நான்கு சிலிண்டர் வைத்தவருக்கு அந்தத் தலைவலி குறைவு. எதை வைத்தாலும் எஞ்சின் எண், சிசி, எரிபொருள் மூன்றையும் பதிவு ஆவணத்தில் திருத்த வேண்டும்.

மலிவு என்பதற்காக 19ஜே என்ற 2.5 டர்போ டீசலைத் தொட வேண்டாம். பிஸ்டன் வெடிக்கும் பெயர் அதற்கு. அதே குடும்பத்தின் சாதா 2.5 டீசல் மெதுவானது. ஆனாலும் நேராகப் பொருந்தும், நம்பலாம்.

டிடிஐயோ வி8-ஓ, ஆக்சிலில் ஏற்கெனவே உள்ள 4.7 விகித டிஃபரன்ஷியலோடு (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) விட்டால் பாதிப் பயன்தான். 7.50-16 டயரில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு எஞ்சின் 3000 சுற்றைத் தொடும். பழைய ரேஞ்ச் ரோவரின் 10 பல் 3.54 டிஃபரன்ஷியலை முன்னும் பின்னும் மாற்றினால் 2260-க்கு இறங்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கம் போட்டால், சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் பாக்ஸ் நொறுங்கும். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்பர் பாக்ஸிலிருந்து வருவதால், மாற்றிய பிறகு 80-இல் போகும்போது முள் 60-ஐக் காட்டும். சாலையில் இறக்கும் முன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். லோ ரேஞ்சும் மூன்றில் ஒரு பங்கு வேகமாகிவிடும். பாறைப் பாதைதான் முக்கியம் என்றால் 4.7-ஐ வைத்துக்கொண்டு, எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஃபேரி ஓவர்டிரைவ் தேடலாம்; ஆனால் டர்போவோடு சேர்த்து அதைக் கடுமையாக வேலை வாங்கக் கூடாது.