பழைய மௌசர் 98, மாற்றிய டிரிகர்: ஏழு சீசன்களுக்குப் பின்

ஒன்டாரியோவில் மான் வேட்டைக்கு நான் எடுத்துச் செல்வது, ராணுவத்துக்காகச் செய்யப்பட்டுப் பின்னாளில் யாரோ வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியமைத்த ஒரு மௌசர் 98. 2017இல் அதைப் பழையதாக வாங்கியபோது என்னை மயக்கியதே அதன் டிரிகர்தான். ராணுவ மௌசரின் டிரிகர் இரண்டு கட்டமாக, நீளமாக, கனமாக இழுபடும். இதுவோ விரல் பட்டதும் விடுபட்டது. தேர்ந்த கைவேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு சுடுதளத்தில் தோட்டாவை உள்ளே தள்ளி, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைச் சற்று வேகமாக மூடினேன். விரல் டிரிகர் பக்கமே போகாத நிலையில் துப்பாக்கி வெடித்தது. குழல் மண்மேட்டை நோக்கியிருந்ததால் கொஞ்சம் மண் பறந்ததோடு போயிற்று.

தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, வீட்டில் போல்ட்டை வேகமாக மூடி மூடிச் சோதித்தேன். மௌசரில் ஒரு வசதி உண்டு: தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னோடு இணைந்த காக்கிங் பீஸ் என்ற பாகம் போல்ட்டின் பின்முனையில் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், டிரிகரை இழுக்கும்வரை அதைத் தடுத்து நிறுத்தும் கொக்கியான சியரில் அது மாட்டி நிற்கிறதா, நழுவி முன்னே போகிறதா என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பத்து முறையில் இரண்டு முறை அது நிற்காமல் போல்ட்டோடு சேர்ந்தே முன்னே போய்விட்டது.

துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சியரைக் கழற்றி விளக்கடியில் காட்டினார். இழுப்பைக் குறைக்க வேண்டும் என்று முன்பு யாரோ அதன் விளிம்பை அரத்தால் தேய்த்திருந்ததில், காக்கிங் பீஸைத் தாங்கும் இடம் மெல்லிய கீற்றாகச் சுருங்கியிருந்தது. இந்தப் பாகங்களில் கடினப்படுத்திய தோல் மேலாக மட்டுமே இருக்கும். அதை அரம் தின்றுவிட்டால் அடியிலுள்ள மென்மையான எஃகு ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே மறுபடி தேய்த்துச் சரிசெய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தேய்க்கப்படாத ராணுவ டிரிகரையும் சியரையும் தேடிப் பொருத்துவதே மலிவான வழி, அதில் பாதுகாப்புக்கும் குறைவில்லை. கனமான இழுப்பைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு அதையே சொல்வேன். நான் டிம்னி நிறுவனத்தின் டிரிகரைத் தேர்ந்தேன். அதன் உடல் அகலமானதால் மரக்கட்டையின் உட்புறத்தைக் கொஞ்சம் செதுக்க வேண்டியிருந்தது. நான் எதிர்பாராத வேலை, தவறி வெடிக்காமல் பூட்டி வைக்கும் சேஃப்டியில் வந்தது. மௌசரில் போல்ட்டின் பின்முனையிலுள்ள சிறு நெம்புகோலான சேஃப்டி இறக்கை, திருப்பும்போது காக்கிங் பீஸைச் சியரிலிருந்து இம்மியளவு பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். டிரிகரை மாற்றியதும் அந்த அளவு மாறி, இறக்கை பாதியில் முட்டி நின்றது. அதைப் பொருந்தச் செய்ய பழுதுபார்ப்பவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதாயிற்று. டிரிகரை வாங்கித் தாமே மாட்டிக்கொள்ள நினைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இழுப்பை 3 பவுண்டுக்கு வைத்தோம். பழையது ஒன்றே முக்கால்தான் இருந்தது. முதல் சீசனில் மந்தமாகத் தோன்றினாலும், நவம்பர்க் குளிரில் கையுறை போட்ட விரலுக்கு 3 பவுண்டே சரி என்பது பிறகு புரிந்தது. ஒரே ஒருமுறை, கடுங்குளிரில் டிரிகர் சோம்பலாகத் திரும்பியது. அது நான் தாராளமாகப் போட்ட எண்ணெய் இறுகியதால் வந்த வினை. இப்போது கழுவித் துடைத்து, ஏறக்குறைய உலர்வாகவே வைக்கிறேன்.

ஒவ்வோர் அக்டோபரிலும், காலியான துப்பாக்கியில் மூன்று சோதனைகள் செய்வேன். போல்ட்டைப் பத்து முறை வேகமாக மூடுவேன். கட்டையின் பின்பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டுவேன். சேஃப்டி போட்ட நிலையில் டிரிகரை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை விடுவிப்பேன். அப்போது காக்கிங் பீஸ் சியரிலிருந்து நழுவவே கூடாது. ஏழு சீசன்களில் அது ஒருமுறைகூட நழுவவில்லை. சென்ற அக்டோபரில் தராசில் இழுத்துப் பார்த்தபோதும் முள் 3 பவுண்டிலேயே நின்றது.