‘தி ஸ்வோர்ட் ஆஃப் ஷன்னாரா’: பாதிக்கு மேல்தான் சூடு பிடிக்கிறது

டெரி புரூக்ஸின் இந்த மாயாஜால நாவல், ஒரு தொடரின் முதல் புத்தகமாக 1977-இல் வந்தது. ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைப் படித்தவர்களுக்கு முதல் பாதி முழுக்கத் தெரிந்த ஊர்தான். ஒதுக்குப்புறக் கிராமத்தில் ஷே என்ற இளைஞன், திடீரென வந்து நிற்கும் நெட்டை மனிதர் அல்லனன், வானத்திலிருந்து துரத்தும் கறுப்பு உருவங்கள், அப்புறம் குள்ளர், எல்ஃப் என்ற கூர்காது இனத்தார், இளவரசன் எல்லாம் சேர்ந்து, எதிரியை வீழ்த்தவல்ல ஷன்னாரா வாளைத் தேடும் பயணக் கூட்டம். காப்பி என்ற புகார் அன்றைக்கே கிளம்பியது. நியாயமான புகார்.

அதைவிட எரிச்சலூட்டுவது அல்லனனின் வாய். ஷேயின் மேல் நமக்கு ஒட்டுதல் வருவதற்குள் உலகத்தின் முழு வரலாற்றையும் உட்காரவைத்துச் சொல்கிறார். ஆனால் முக்கியமானதை மட்டும் மறைத்துவிடுகிறார்; கதை நகர்வதே அந்த மறைப்பினால்தான். பெண் பாத்திரம் என்று சொல்ல ஷர்ல் ஒருத்திதான். அவளுக்கும் பெரிய வேலை இல்லை.

அந்த வரலாற்றில் ஒரு நல்ல சரக்கு இருக்கிறது. இது வேற்றுலகம் இல்லை, பேரழிவுப் போர்களுக்குப் பிந்தைய நம் பூமியே. குள்ளரும் ட்ரோல்கள் என்ற முரட்டு உடல் இனத்தாரும் மனிதரிலிருந்து கிளைத்தவர்கள். பாழடைந்த நகரம் ஒன்றில் பாதி இரும்பு, பாதி சதையாக ஒரு ஜந்து பாய்கிற இடம் அபாரம். அதோடு அந்தச் சரடை புரூக்ஸ் விட்டுவிட்டாரே என்றுதான் ஆற்றாமை.

கூட்டம் சிதறி, ஷே தனியாக மாட்டிக்கொள்ளும்போதுதான் புத்தகத்துக்கு உயிர் வருகிறது. கைக்குப் பதில் இரும்பு ஈட்டிமுனை பொருத்திய திருடன் பனமன் கிரீல், வாய்பேசாத ட்ரோல் கெல்ட்செட். இவர்கள் யாருடைய நகலும் இல்லை. பனமன் விடும் கதைகளில் எது பொய் என்று ஷேயோடு சேர்ந்து நாமும் முழிக்கிறோம். வாளின் சக்தியும் வெட்டுவதில் இல்லை. அது என்ன செய்கிறது என்பதைக் கடைசிவரை காத்திருந்து படியுங்கள். எதிரி வீழும் விதம் அதிலிருந்தே முளைக்கிறது, வலிந்து ஒட்டியதாகத் தெரியவில்லை.

தொடரில் ஒன்றுதான் படிப்பேன் என்பவர்கள் 1982-இல் வந்த இரண்டாம் நாவலுக்கே போகலாம்; ஷேயின் பேரன் கதை, தனியாகவே புரியும்.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலோ மூர் மார்க்கெட்டிலோ பழைய பிரதி கிடைத்தால், 700 பக்கத்துக்கு மேல் உள்ள தடிமன் என்பதால் முதுகுப் பசை விட்டிருக்கிறதா என்று நடுவில் விரித்துப் பாருங்கள். கடைசித் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு பேரம் பேசுங்கள்.