மஞ்சள் கடுதாசியா, கூலிக்கு உடைப்பதா?

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி அறையில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறேன். வியாபாரம் நன்றாக ஓடும்போது யாரும் நேரில் வருவதில்லை. பில் கட்டைப் பையனிடம் கொடுத்தனுப்புவார்கள். நொடித்துப்போனால்தான் முதலாளியே படியேறி வருவார். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தபடி கேட்பார்: "இனி என்ன செய்வது சார்?"

ஊரில் அதற்கு நாலைந்து பதில்கள் தயாராக உண்டு. மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடு, அதாவது நீதிமன்றத்தில் திவால் மனுப் போட்டுவிடு. பாண்டிக்குப் போய் மனைவி பெயரில் புதிதாகத் தொடங்கு. வங்கியில் பேசி முடி. வெளிநாட்டுக்குப் போ. இருக்கிற இடத்திலேயே தொழிலைச் சுருக்கிக்கொண்டு உட்கார். இவற்றை நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். வட்டி ஓடுவது நிற்குமா? நாளைக்கு ஒருவர் நம்மை நம்பிச் சரக்கைக் கடனாக இறக்குவாரா? மனவுறுதி, விடாமுயற்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை. 3 வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மனவுறுதி எத்தனை மாதம் தாங்கும் என்பதை என் பேரேடு சொல்லும்.

பேச்சு காற்றில் போகாமலிருக்க, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர்கள் இருவரை வைத்துக்கொள்கிறேன். இருவரும் சம்பந்திகள். ஒருவர் மகளை மற்றவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரே பருவத்தில் இருவரும் விழுந்தார்கள்.

முந்திரியில் விழுவது எளிது. கொட்டை வரத்து கோடையில் சில மாதங்கள்தான். அப்போது வாங்கி அடுக்கிவிட்டு ஆண்டு முழுவதும் உடைத்து விற்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர 3, 4 ஆண்டுகள் ஆகும். உள்ளூர்க் கொட்டை குறையக் குறைய, தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டையை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியதாயிற்று. விலையை எங்கோ தீர்மானிக்கிறார்கள், நாம் இங்கே மூட்டையை அடுக்குகிறோம். 80 கிலோ மூட்டையில் 20 கிலோ பருப்பு தேறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு பருப்பு விலை கிலோவுக்கு 50 ரூபாய் இறங்கினால் மூட்டைக்கு 1,000 ரூபாய் போயிற்று. கிடங்கில் 1,000 மூட்டை இருந்தால் 10 லட்சம். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சூதாடவில்லை. மூட்டை அடுக்கிய இடத்திலேயே இருக்க, பணம் மட்டும் காணாமல் போயிருக்கும். அந்த 10 லட்சத்தை 3 வட்டிக்கு வாங்கி அடைத்தால் மாதம் 30,000. சம்பந்திகள் இருவரும் அதைத்தான் செய்தார்கள்.

மூத்தவர் மஞ்சள் கடுதாசியைத் தேர்ந்தெடுத்தார்.

இந்த வழியைப் பற்றி ஊரில் பாதி பொய்தான் உலவுகிறது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டம் பெரிய பேச்சாக இருந்தாலும், அது கம்பெனிகளுக்கும் அவற்றின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்களுக்கும்தான் நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பெயரில் கடை நடத்தும் நம் ஆட்களுக்கு இன்னமும் 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம்தான். 500 ரூபாய்க்குக் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்கிறது அது. அன்றைய 500 ரூபாய், பாவம், இன்னும் அப்படியே நிற்கிறது.

வட்டி நிற்குமா என்றால், ஓரளவு நிற்கும். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் கைக்கடன்காரர்கள் நீதிமன்ற அனுமதியில்லாமல் தனியாக வழக்குப் போட முடியாது. ஆனால் வீட்டுப் பத்திரத்தை அடகு பிடித்திருக்கும் வங்கிக்கு இந்தக் கடுதாசி பொருட்டே இல்லை. அது தன் வழியில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஏலத்துக்குப் போகும். தேதி போடாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலைகளும் அப்படித்தான். திரும்பி வந்த காசோலைக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, அந்தக் குற்ற வழக்கு தனியாக நடக்கும். மூத்தவரிடம் யாரோ ஒருவர் வீட்டை மச்சான் பெயருக்கு எழுதிவிட்டு மனுப் போடச் சொல்லியிருந்தார். நல்லவேளையாக முதலில் என்னிடம் வந்தார். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் சும்மா எழுதிக் கொடுத்த சொத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மச்சானும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்தான் கசப்பு. மனுவில் கடன்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் வர வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது. சம்பந்தியிடம் வாங்கியிருந்த 60,000 ரூபாய்க் கைமாற்றும் அதில் ஏறியது. ஒரு காலையில் மகள் வாழப்போன வீட்டுக்கே நீதிமன்ற நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் மகள்தான். அதன்பிறகு மூத்தவருக்கு எந்தத் தரகரும் ஒரு மூட்டை இறக்கவில்லை. இப்போது மகனின் வருமானத்தில் இருக்கிறார். நிம்மதியாகத்தான் இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். இரவில் தூக்கம் வருகிறது என்றார்.

ஆகவே மஞ்சள் கடுதாசியை நான் வெறுக்கவில்லை. கந்துவட்டியில் சிக்கி, உடம்பும் போய், இனி வியாபாரமே வேண்டாம் என்கிறவருக்கு அதுதான் கதவு. ஒருவருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது, வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றால் காவல் நிலையத்துக்குப் போகலாம். மறுபடி கடை திறக்க நினைக்கிறவருக்கு மட்டும் மஞ்சள் கடுதாசி உதவாது. கடனோடு சேர்த்துப் பெயரையும் அது அழித்துவிடுகிறது.

பாண்டி வழி

கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடை எல்லைமேல் ஒரு மயக்கம் உண்டு. பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வேறு ஆட்சி, வேறு அலுவலகம், வேறு பெயர்ப்பலகை. பாரதி 1908-இல் புதுச்சேரிக்குப் போய் 10 ஆண்டுகள் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்ததும் கடலூர் அருகே கைதானார். அன்றே எல்லையின் பலம் அவ்வளவுதான். இன்று அந்தப் பத்தாண்டு அவகாசமும் கிடையாது. மாநிலம் மாறினால் ஜிஎஸ்டி எண் மாறும், அதற்குள் இருக்கும் பான் எண் மாறாது. வங்கிகள் நம் கடன் வரலாற்றைப் பார்க்கும் சிபில் அறிக்கைக்கு முள்ளோடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மனைவி பெயரில் தொடங்குவது இதைவிட மோசம். வங்கிக் கடனுக்குப் பெரும்பாலும் மனைவியும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். கணவர் தவணை தவறினால் அந்த அம்மாளின் சிபிலும் சேர்ந்து விழும். ஆறு மாதம் பாண்டியில் நடத்திப் பார்த்து, எதிரே வந்த கடலூர் வியாபாரியைக் கண்டு டீக்கடைக்குள் ஒளிந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒளிந்துகொண்டு எப்படி வியாபாரம் செய்வது? நான்கு பேர் கண்ணில் படுவதுதானே வியாபாரம்!

வெளிநாட்டு வழிக்கு ஒரு பத்தி போதும். கடன் சிறிது, வயது 35-க்குள், கையில் தொழில் இருக்கிறது என்றால் போகலாம். அசல் அடையும். ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பும்போது வாடிக்கை வேறு ஆளிடம் போயிருக்கும். அது கடனை அடைக்கும் வழி, தொழிலைக் கட்டும் வழி என்று எண்ண வேண்டாம்.

வங்கியில் பேசுவதில் இரண்டு வகை இருக்கிறது, ஊரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். முதல் வகை, விழுவதற்கு முன் பேசுவது. தவணை 90 நாள் தவறினால்தான் வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 நாள்களில் வங்கி நம்மைத் தனிப்பட்டியலில் குறித்துக்கொள்ளத் தொடங்கிவிடும். 2016 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, 25 கோடி ரூபாய் வரை கடனுள்ள சிறு தொழில்காரர் "எனக்கு நெருக்கடி வருகிறது" என்று தாமே எழுதிக் கொடுக்கலாம். வங்கியின் குழு அதைப் பார்த்து, தவணையை மாற்றியமைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். கிடைக்கும் என்று உறுதியில்லை, கேட்க உரிமை உண்டு. என்னிடம் வந்தவர்களில் 90 நாள்களுக்குள் வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் அந்த மூன்று மாதமும் வங்கி இருக்கும் தெருவையே சுற்றிக்கொண்டு போனார்கள். வெட்கத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை நான் கூட்டிப் பார்த்ததுண்டு, சொன்னால் வருத்தப்படுவார்கள்.

இரண்டாவது வகை, விழுந்த பிறகு ஒரே தவணையில் குறைத்து முடித்துக்கொள்வது. இதில் வட்டி அன்றோடு நிற்கும். ஆனால் மொத்தமாகப் பணம் வேண்டும். சிபிலில் "முடிந்தது" என்பதற்குப் பதிலாக "சமரசம்" என்று ஏறும். அடுத்த மேலாளர் அந்த ஒரு சொல்லைத்தான் முதலில் படிப்பார். விற்க நிலம் இருந்து, இனி வங்கிப் பக்கமே போகப்போவதில்லை என்றால் சரி.

இளைய சம்பந்தி இதில் எதையும் முழுதாகச் செய்யவில்லை. கிடங்கில் மீதமிருந்த கொட்டையை அன்றைய விலைக்கே விற்றார். நட்டத்தில் விற்கிறாயே என்று சிரித்தார்கள். விற்ற பணத்தில் 3 வட்டிக்காரரின் அசலைத்தான் முதலில் அடைத்தார். பிறகு சரக்குக்காரர்கள் ஒவ்வொருவரையும் அவரே தேடிப் போய்ப் பார்த்தார். "அசலைத் தருகிறேன், மாதம் இவ்வளவு, வட்டி கேட்காதீர்கள்." ஒருவர் கத்தினார். ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஒப்புக்கொண்டவர்கள் தாம் பெரும்பாலோர். ஆள் கண்முன்னே இருக்கிறானே என்பதுதான் காரணம். பிறகு வேகவைக்கும் பாய்லரையும் உடைக்கும் மேசைகளையும் விற்காமல், பிறர் கொட்டையைக் கூலிக்கு உடைத்துத் தரத் தொடங்கினார்.

கூலி வேலையில் விலை ஏறினாலும் இறங்கினாலும் கொட்டைக்காரர் பாடு. உடைத்து, தோல் நீக்கி, முழுப் பருப்பு, பாதி, துண்டு என்று தரம் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்ளலாம். பத்து ஆண்டுகளாகப் பழகிய பெண்கள் வேறு ஆலைக்குப் போகாமல் இருப்பார்கள். குறையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். செலவு போக மூட்டைக்கு 200 ரூபாய் நிற்கிறது என்றே கொள்வோம். மாதம் 150 மூட்டை உடைத்தால் 30,000. அது 10 லட்சத்துக்கு 3 வட்டியே தவிர வேறில்லை. வட்டியை நிறுத்தாமல் கூலி வேலையில் இறங்கியவர்கள் வட்டிக்காரருக்குத்தான் கொட்டை உடைத்தார்கள். இளையவர் பிழைத்தது அந்த வரிசையால்: முதலில் வட்டி, பிறகு பேச்சு, கடைசியில்தான் தொழில்.

எங்கள் ஊர் ஓரத்தில் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது கல்லே தெப்பமாகி அங்கே கரை சேர்த்தது என்பது ஐதீகம். என் வாடிக்கையாளர்களின் கழுத்தில் இருக்கும் கல்லுக்கு வட்டி என்று பெயர். அது மிதந்து நான் பார்த்ததில்லை.

இளையவர் செய்த இன்னொரு காரியம் யார் கண்ணிலும் படாதது. ஆலை மூடியிருந்த ஏழு மாதமும் ஜிஎஸ்டி ரிட்டர்னை வெறுமையாகவாவது தாக்கல் செய்தார். வியாபாரமே இல்லை, எதற்கு என்பார்கள். ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள், தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும், பாக்கி வைத்திருக்கிறவர் புதுப் பதிவு வாங்குவதும் பாடு. கடலூரில் பிறந்த சி.கே. ரங்கநாதன் 1983-இல் குடும்பத் தொழிலை விட்டு 15,000 ரூபாயோடு வெளியே வந்து சிக் ஷாம்பு தொடங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர் நொடித்துப்போய் எழுந்தவர் அல்ல, அந்த உவமையை இழுத்துப் பொருத்துகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கும் ஒரு செய்தி கணக்கு எழுதுகிறவனுக்குப் பிடித்தமானது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாத காலத்தில் ஒரு வங்கி மேலாளர் 25,000 ரூபாய்க் கடனுக்குப் பரிந்துரைத்தாராம். இந்தச் சிறு நிறுவனம் வருமான வரி கட்டுகிறது என்பதுதான் அவர் குறிப்பிட்ட காரணம். முத்ரா கடனுக்கு மனுப் போட்டாலும் நம்முடைய பழைய தாள்களைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

சம்பந்திகள் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேத்தியின் காதுகுத்துக்கு மூத்தவர் போயிருந்தார். அந்த 60,000 பற்றி யாரும் வாய் திறக்கவில்லையாம்.

இளையவர் போன வாரம் படியேறி வந்தார். தூத்துக்குடித் தரகர் ஒருவர் 100 மூட்டை கொட்டையை 90 நாள் தவணைக்குத் தருவதாகச் சொல்கிறாராம், முன்பணம் வேண்டாமாம், வாங்கலாமா என்றார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 25 மூட்டைக்கு மேல் வேண்டாம் என்றேன். தலையைச் சொறிந்தார். 40-க்கு ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார்.