ஸ்ப்ளெண்டருக்கு கம்மி காசுல நானே மாட்டுன ஐட்டங்க: எது வொர்த், எது வேணாம்

ஸ்ப்ளெண்டர்ல போய் என்னத்த மாடிஃபை பண்ணப் போறன்னு கேக்குறவங்க இருக்காங்க, ஆனா கம்மி செலவுல நம்ம கையாலயே வேலை பாக்க இதவிட வசதியான வண்டி கெடையாது. 1994ல ஹீரோ ஹோண்டாவா வந்தது, இன்னிக்கும் அதே 97.2 சிசி, எந்த ஊரு கடையிலயும் பார்ட்ஸ் கெடைக்கும், பாதி வேலைக்கு வண்டியோட வர்ற டூல்ஸே போதும். சாமான் பூரா சென்னை ஜி.பி. ரோட்டுல வாங்குனது, எல்லாம் சேத்து 2000 ரூபாய தாண்டல. நான் வச்சிருந்த கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான், மாட்டுனத கழட்டுனா வண்டி பழையபடி ஆயிடணும், ஒரிஜினல் வயர ஒரு எடத்துலயும் வெட்டக் கூடாது. இந்த ரிவியூல எதுக்கு நல்ல மார்க் போட்டிருக்கேன், எதுக்கு போடலங்கறது எல்லாம் இதை வச்சுதான்.

ஃபர்ஸ்ட் ஹாரன். போட்டதுலயே பெஸ்ட் இதுதான், சந்தேகமே இல்ல. வண்டியோட வர்ற ஹாரன் பஸ்ஸுக்கோ லாரிக்கோ கேக்கவே கேக்காது. நம்ம கோயம்புத்தூர் ரூட்ஸ் கம்பெனியோட விண்ட்டோன் செட் வாங்குனேன், ஹை ஒண்ணு லோ ஒண்ணு, கார் ஹாரன் மாதிரி கனமான சத்தம், காதுல குத்தாது. ஆனா இதை பழைய ஹாரன் வயர்லயே நேரா சொருகிடாதீங்க, ரெண்டும் சேந்து இழுக்கற கரண்ட்டுக்கு அந்த மெல்லிசு வயரும் ஹேண்டில்ல இருக்க சுவிட்சும் தாங்காது, கொஞ்ச நாள்ல சுவிட்ச் பாயிண்ட் கருகிப் போயிடும். அதுக்குதான் ரிலே, அதாவது ஹேண்டில் சுவிட்ச்ல வர்ற சின்ன கரண்ட்ட வச்சு பேட்டரில இருந்து ஹாரனுக்கு போற பெரிய கரண்ட்ட ஆன் பண்ற தனி சுவிட்ச். 12 வோல்ட் ரிலே 100 ரூபாய்க்கு பக்கத்துல வரும், அடியில 30, 85, 86, 87னு நம்பர் போட்டிருக்கும். பழைய ஹாரன்ல இருந்து கழட்டுன ரெண்டு வயரையும் 85லயும் 86லயும் சொருகுங்க, எது எதுலன்னு யோசிக்க வேணாம், சாதா ரிலேல மாறிப் போனாலும் ஒண்ணும் ஆகாது. 30ல இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு ஒரு தடிச்ச வயர், 87ல இருந்து ரெண்டு ஹாரனுக்கும், ஹாரனோட இன்னொரு முனை சேஸிஸ்ல எர்த், அவ்ளோதான். எர்த் போடற எடத்துல பெயிண்ட்ட சுரண்டி வெறும் இரும்பு தெரிஞ்சப்பறம் போல்ட்ட டைட் பண்ணுங்க, இல்லன்னா ஹாரன் சளி புடிச்ச மாதிரி கத்தும். பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸ் கண்டிப்பா போடணும், 20, 30 ரூபாய் சமாச்சாரம், அது இல்லாம வயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆச்சுன்னா வண்டியே எரிஞ்சிடும். விண்ட்டோனுக்கு ஆசைப்பட்டு ஏர் ஹாரன் பக்கமோ பல டியூன் அடிக்கற ஹாரன் பக்கமோ போயிடாதீங்க, மோட்டார் வாகன விதி 119ல அது தடை.

அடுத்தது எல்இடி ஹெட்லைட் பல்பு, எல்லாரும் மொதல்ல வாங்கறது இதைத்தான், நான் வேணாம்னு சொல்றதும் இதைத்தான். ஸ்ப்ளெண்டர் டூம், அதாவது ஹெட்லைட் கூடு, 35/35 வாட்ஸ் (ஹை பீம், லோ பீம் ரெண்டுக்கும்) ஹாலஜனுக்கு செஞ்சது. உள்ள இருக்க ரிஃப்ளெக்டர், ஃபிலமென்ட் எந்த எடத்துல இருக்குமோ அந்த எடத்துக்கு கணக்கு பண்ணி வளைச்சது, எல்இடி சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உக்காந்தாலே வெளிச்சம் ரோட்டுல விழாம மரத்துலயும் எதிர்ல வர்றவன் கண்ணுலயும் விழுது. நம்பாதவங்க டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம், ராத்திரி ஒரு செவுத்துக்கு அஞ்சு மீட்டர் முன்னாடி வண்டிய நிறுத்தி, ஹாலஜன் லோ பீம் மேல எங்க முடியுதோ அங்க சாக்பீஸ்ல கோடு போடுங்க. அப்பறம் எல்இடிய மாத்திட்டு பாருங்க. நான் வாங்குனதுல கோட்டுக்கு மேல செவுரு பூரா வெள்ளையா இருந்துச்சு, பல்ப திருப்பி சிப் ரெண்டும் இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு பாக்கற மாதிரி வச்சதும் கொஞ்சம் எறங்குச்சே தவிர கோடு கெடைக்கவே இல்ல. மழைல அந்த வெள்ளை வெளிச்சம் தார் ரோட்டுல ஒட்டவே மாட்டேங்குது. பழைய மாடல்னா இன்னொண்ணும் இருக்கு, ஆக்சிலேட்டர் குடுத்தா லைட் ஏறி ஐடிலிங்ல மங்குச்சுன்னா உங்க ஹெட்லைட் பேட்டரில இல்லாம, இன்ஜின்ல கரண்ட் எடுக்கற காயில்ல இருந்து நேரா வர்ற ஏசி கரண்ட்ல ஓடுது, அதுல எல்இடி போட்டா மினுக் மினுக்னு அடிக்கும். அதுக்கு பதிலா நல்ல பிராண்ட் 35/35 ஹாலஜன் ஒண்ணு போட்டு, டூம் கண்ணாடி மங்கியிருந்தா அதையும் மாத்துங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும். 60/55 வாட்ஸ் பல்பு கேட்டு வாங்கிடாதீங்க, ஹோல்டர் உருகும், பேட்டரியும் படுத்துடும்.

ரிஃப்ளெக்டர் டேப் 100 ரூபா, இதை ஏன் யாரும் பெருசா சொல்றதில்லன்னு தெரியல. பின்னாடி மட்கார்ட்ல செவப்பு, ரிம்ல துண்டு துண்டா வெள்ளை. தெருவிளக்கே இல்லாத ரோட்டுல டெயில் லாம்ப் பல்பு போயிடுச்சுன்னு வைங்க, பின்னாடி வர்ற லாரிக்கு நீங்க இருக்கறது இதாலதான் தெரியும். ஒட்டறதுக்கு முன்னாடி தின்னர் தொட்ட துணியால எண்ணெய் பிசுக்க தொடச்சுட்டு ஓரத்த நகத்தால அழுத்துங்க, மழைக்கும் வராது.

யூஎஸ்பி சார்ஜர்ல வோல்ட் மீட்டர் சேந்து வர்ற மாதிரி வாங்குங்க, 300 ரூபா ரேஞ்ச்ல கெடைக்குது. இந்த வண்டில பேட்டரி ரொம்ப சின்னது, வண்டி ஓடறப்ப 13.5ல இருந்து 14.5 வரைக்கும் காட்டுனா சார்ஜிங் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம், அதுக்கு கீழயே நின்னுச்சுன்னா நடுரோட்டுல நிக்கறதுக்கு முன்னாடியே மெக்கானிக்க பாத்துடலாம். கனெக்ஷன் மட்டும் சாவி போட்டா கரண்ட் வர்ற லைன்ல இருந்து எடுங்க, நேரா பேட்டரில குடுத்தா அந்த மீட்டரே ராத்திரி பூரா எரிஞ்சு பேட்டரிய காலி பண்ணிடும். மொபைல் ஹோல்டர் நாலு பக்கமும் புடிக்கற மெட்டல் டைப் ஸ்ட்ராங்கா இருக்கு, ஆனா வெல கூடுன போன அதுல வைக்காதீங்க, பைக் இன்ஜின் அதிர்வு ஐபோன் கேமராவ பாதிக்கலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021ல சொல்லியிருக்கு.

ஃபோம் கிரிப் கைக்கு சுகம், மழைல நனைஞ்சா காய லேட் ஆகும். நெட் சீட் கவர் வெயில்ல நிறுத்துன வண்டில உக்காரும்போது அருமை தெரியும். பின் டயர் 2.75 இன்ச் அகலத்துல இருந்து 3.00க்கு போடலாம், அதுக்கு மேல போனா மைலேஜ் போச்சு, வண்டி இழுக்கவும் இழுக்காது. சத்தம் போடற சைலன்சர், ஃபேன்சி நம்பர் பிளேட் ரெண்டும் என் லிஸ்ட்லயே இல்ல, வண்டிய சட்டத்துக்கு புறம்பா மாத்துனா மோட்டார் வாகன சட்டம் பிரிவு 182Aல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா ஃபைன் இருக்கு, சைலன்சர் சத்தத்துக்கு அந்தத் தெரு வீடுங்கள்ல தூங்கற கொழந்தைங்களையும் நெனச்சுப் பாருங்க.

கடைசியா சைலன்சர் பெயிண்ட். துரு ஏறுன பழைய சைலன்சர மாத்தாம புதுசு மாதிரி ஆக்கலாம், ஆனா சாதா ஸ்ப்ரே கேன் வேணாம், சூட்டுக்கு உரிஞ்சு வந்துடும், ஹை ஹீட்னு போட்டிருக்க மேட் பிளாக் கேன் கேட்டு வாங்குங்க. வயர் பிரஷ்ல துருவ நல்லா தேச்சு எடுத்துட்டு, 120 நம்பர் உப்புத்தாள், அப்பறம் இன்னும் நைஸான 320 நம்பர், தின்னர்ல ஒரு தொட, இந்த வேலைலதான் மெனக்கெடணும், அடிக்கறது அஞ்சு நிமிஷம். மெல்லிசா ஒரு கோட், பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு கோட், ஒரே தடவைல கனமா அடிச்சா வழிஞ்சுடும். ஒரு ராத்திரி காய விட்டு, காலைல பத்து நிமிஷம் ஐடிலிங்ல ஓட விட்டு ஆற விடுங்க, மறுபடி ஒருக்கா கூடுதல் நேரம் ஓட விடுங்க, அந்த சூட்டுலதான் பெயிண்ட் இறுகும். அப்ப நல்லா புகை வரும், நாத்தமும் அடிக்கும், பயந்துடாதீங்க, வண்டிய மட்டும் வீட்டுக்குள்ள வைக்காம வெளிய நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்க.