விரலில் நூல் விடும் ஆயிலை நம்பி வாங்காதீர்கள்

மதுரையில் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆயில் மாற்றுங்கள். பேரலில் இருந்து ஊற்றித் தரும் ஆயிலை "15டபிள்யூ-40, கம்பெனி சரக்கு" என்று ஒரு கடையில் எனக்கு விற்றார்கள். கடைக்காரர் ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விரித்தார். நூல் நூலாக இழுத்தது. "எப்படி ஒட்டுது பாருங்கண்ணே, இன்ஜினுக்கு இதுதான் காவல்" என்றார். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

சில வாரம்தான் ஓடியது. கம்பத்தில் திராட்சை ஏற்றி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டி, உசிலம்பட்டி நெரிசலில் நின்றபோது ஆயில் லைட் மினுக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணையும், விட்டால் எரியும். சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கிராங்க் பேரிங் தேய்ந்துவிட்டது.

வடித்த ஆயிலை லேபுக்கு அனுப்பினோம். 40 கிரேடு என்றால் 100 டிகிரி சூட்டில் பாகுத்தன்மை குறைந்தது 12.5 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும். இது 30 கிரேடுக்கு இறங்கிக் கிடந்தது. டீசல் கலந்து நீர்த்ததும் இல்லை. ஆயிலைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பாலிமர் என்ற நீள மூலக்கூறுகள் அறுந்துவிட்டன என்றார்கள்.

15டபிள்யூ-40 மாதிரி குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு எண் உள்ள மல்டிகிரேடு ஆயிலில் பாலிமர் சேர்ப்பது குற்றமில்லை, நல்ல கம்பெனிகளும் சேர்க்கின்றன. அந்த நீள மூலக்கூறுகள் குளிரில் சுருண்டிருக்கும். சூட்டில் விரிந்து, ஆயில் நீர்த்துப்போகாமல் பிடிக்கும். ஆனால் பேரிங் இடுக்கில் நசுங்கி ஓடும்போது அறுபடும், அறுந்தது சேராது. மூலக்கூறு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்குக் கொஞ்சம் போட்டாலே ஆயில் கெட்டியாகும், அவ்வளவு சீக்கிரம் அறுந்தும் போகும். நீர்த்த எண்ணெயைக் கடையில் கெட்டியாகக் காட்ட நினைப்பவனுக்கு அது போதும். நல்ல தயாரிப்பாளர்கள் ஆயிலை ஊசித்துளை வழியே திரும்பத் திரும்பப் பீய்ச்சி, அதற்குப் பிறகும் கிரேடு நிற்கிறதா என்று சோதிக்கிறார்கள். விரலில் இழுபடும் நூலுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. 15டபிள்யூ என்பது கடுங்குளிருக்கான எண். நம்மூர் வெயிலில், அதுவும் லோடு ஏற்றிய வண்டிக்கு, 40தான் உயிர்.

"வண்டி பழசுண்ணே" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். சீல் உடையாத, பேட்ச் எண் உள்ள கேனாகப் பார்த்து ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். ஊற்றும்போதே புது ஆயிலில் கால் லிட்டரைத் தனி பாட்டிலில் மூடி, தேதி எழுதி வையுங்கள். சண்டை வந்தால் லேபில் இரண்டையும் ஒப்பிட அது வேண்டும்.